ஏழாம் வீட்டில் தண்ணீர்

தெப்பநாயக்கன்பட்டி என்று ஓர் ஊர் உண்டு, அதில் தெப்பம் மிதக்கத் தண்ணீர் கிடையாது, நாயக்கன் யாரென்று எவனுக்கும் தெரியாது, பட்டி மட்டும் மிச்சம், அதில் மாடுகளின் இடத்தில் நாங்கள் அடைந்து கிடக்கிறோம். வெயிலுக்குக் குறைவில்லை, கருவேல முள்ளுக்குக் குறைவில்லை, வாய்க்குக் குறைவே இல்லை. மழை பெய்கிற வருஷம் கண்மாய்க் கரையை வெட்டிவிட்டு, பெய்யாத வருஷம் சாமி கண்ணைத் திறக்கவில்லை என்று அழுகிற ஜனம். நான் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பஞ்சர் ஒட்டுகிறவன். ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தே என் தலை நரைத்தது. ஊர்க்காரர்களின் புத்தி முழுவதும் எனக்கு மனப்பாடம், மனப்பாடம் செய்ய அப்படி ஒன்றும் அதிகம் இல்லை.

என் கடையை ஒட்டினாற்போல இருந்தது பவளக்கொடியின் கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவள் தொழில். தண்ணீரே இல்லாத ஆழ்குழாய்க்குள் மோட்டாரை இறக்கி, அது காற்றை இழுத்து இழுத்துக் கருகிய பிறகு, மோட்டார் சரியில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிற புத்திசாலிகள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருந்ததால் அவளுக்கு வேலை ஓயவே இல்லை. அப்பன் கற்றுக்கொடுத்த தொழில். அப்பனும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனியாக நடத்தினாள், செம்புக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், நிமிர்ந்து பார்க்கும்படி யாரும் இல்லாததால்.

அவளுக்குச் செவ்வாய் தோஷம். பிறந்த அன்றே ஜோசியர் கைலாசம் கட்டத்தைப் பார்த்து, ஏழாம் வீட்டில் செவ்வாய் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான், கட்டுகிறவன் தாங்க மாட்டான் என்று சொல்லி, செவ்வாய்க்குப் பவளம் பிடிக்கும், குளிரட்டும் என்று பவளக்கொடி என்ற பெயரையும் அவரே வைத்தார். செவ்வாய் குளிரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்று, பஜ்ஜியைத் தின்று, இன்னொரு காப்பியும் வாங்கிக் குடித்துவிட்டு, ஜாதகத்தைப் பார்த்த மாத்திரத்தில் செருப்பைத் தேடினார்கள். முதலில் வாழைமரத்துக்குக் கழுத்தை நீட்டட்டும், அப்புறம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று ஊர்த் தலைவர் தனுஷ்கோடி ஒரு யோசனை சொன்னார். "எனக்காக ஒரு மரம் ஏன் சாகணும்?" என்று கேட்டுவிட்டாள். மரத்துக்கு இரங்குகிறவள் புருஷனுக்கு அடங்குவாளா என்று அதையும் ஒரு தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்படியிருந்தவளுக்குத்தான் முப்பத்தைந்து வயதுக்கு மேல் சூசை வந்து சேர்ந்தான். கடற்கரைப் பக்கத்து ஆள், ஆழ்குழாய் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறவன். எங்கள் ஊர் மண்ணை ஓட்டை ஓட்டையாகத் துளைத்து வெறும் புழுதியைக் கிளப்பிவிட்டு, வண்டி மோட்டாரைச் சரிபார்க்க அவள் கடைக்கு வந்தான், மறுவாரம் சரியாக இருந்த மோட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்தான். தோஷத்தைப் பற்றி அவளே முதலில் சொல்லிவிட்டாள். அவன் அம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "செவ்வாக்கிழமை எங்களுக்கு அந்தோணியார் நாளுல்லா, அன்னைக்குப் போயி என்ன தோஷம்னு கேக்கா எங்கம்மா" என்றான். அவள் அன்றைக்குச் சிரித்ததை நான் பார்த்தேன். அவன் ஊர்க் கோயிலில், அவர்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசைகளில் அறிவிக்கிற கல்யாண ஓலையை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள், பங்குச் சாமியார் தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் வந்தது.

பத்திரிகையில் படம் போட்டிருந்தான். அங்கே மலைச்சரிவுகளில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள், வெயில் காலத்தில் நீளுகின்றன, குளிரில் மறைகின்றன, உப்புத் தண்ணீர் கசிவதற்கான அறிகுறியாக இருக்கலாம், இன்னும் உறுதியில்லை என்று எழுதியிருந்தது. இருக்கலாம் என்பதெல்லாம் எங்கள் ஊர்க் கண்ணுக்குத் தெரியாது. டீக்கடையில் ஒருவன் உரக்கப் படித்தான், மற்றவர்கள் தலையாட்டினார்கள், அவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்த அதே வேளையில் எதிர்ச்சாரியில் கடை வாசலில் நின்று கம்பி சுற்றிக்கொண்டிருந்த பவளக்கொடியின் பாதத்தைச் சுற்றி மண் கறுத்து, நனைந்து, லேசான சிவப்பு நிறத்தில் தண்ணீர் ஊறி விரல்களை மூடியது.

"அண்ணாச்சி, பைப்பு ஏதும் ஒடஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

"நம்ம ஊருல பைப்பு ஒடஞ்சா காத்துல்லா தாயி வரும்" என்றேன்.

அவள் இந்தப் பக்கம் தள்ளி நின்றாள், இங்கும் ஊறியது. உள்ளே போய் நின்றாள், சிமெண்டுத் தரையிலும் ஊறியது. ஒரு பலகையைப் போட்டு அதில் காலை வைத்துக்கொண்டு, கட்ட வேண்டிய காயிலைக் கட்டி முடித்தாள், ஏனென்றால் சாயங்காலம் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்படுவதற்கும் கொஞ்சம் மூளை வேண்டுமே. ஜோசியர் கைலாசம் வந்து, குனிந்து, பாதத்தைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கினார்: செவ்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, செவ்வாய் இவள் ஏழாம் வீட்டில் இருக்கிறான், வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் வாசல் வழியாக வெளியே ஓடத்தானே செய்யும். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

தண்ணீர் உப்புக் கரித்தது. சாதாரணக் கரிப்பு இல்லை, நாக்கு உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும் கரிப்பு. தலைவர் தனுஷ்கோடிதான் முதல் வாய் குடித்தார், முகம் கோணியது, கோணிய முகத்தை அப்படியே சிரிப்பாக மாற்றி, "எளநி மாதிரில்லா இருக்கு!" என்றார். தலைவர் இளநீர் என்று சொன்ன பிறகு உப்பு என்று சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கு நாக்கு இருக்கிறது? டீ மாஸ்டர் அதில் டீ போட்டார், குடித்தவர்கள் ஆகா என்றார்கள், கடைக்குப் பின்னால் போய்த் துப்பினார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு டீ கேட்டார்கள். வாந்தி எடுத்தவர்கள் உடம்பில் இருந்த கெட்டதெல்லாம் வெளியே வருகிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு மாப்பிள்ளைகள் கிளம்பினார்கள். கேசரி தின்றுவிட்டு ஓடியவர்கள், ஓடியவர்களின் தம்பிகள், பெண்டாட்டியை இழந்தவர்கள், பெண்டாட்டியை இழக்கத் தயாராக இருந்தவர்கள், எல்லாரும் வற்றிப்போன ஆழ்குழாயின் ஆழத்தைச் சொல்லிச் சொல்லிப் பெண் கேட்டார்கள். தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு தனுஷ்கோடியே வந்தார். வாழைமரம் வெட்டச் சொன்ன வாய் அது.

"பழசையெல்லாம் மறந்துருவோம் தாயி" என்றார். "எம் மவனுக்கு நீதான்னு எப்பமோ எழுதியிருக்கு. நீ ஒண்ணும் செய்யாண்டாம், காலையிலயும் சாயங்காலமும் தோட்டத்துல கொஞ்ச நேரம் நின்னாப் போதும்."

"எனக்குக் கல்யாணம் முடிவாயிட்டு பெரியப்பா" என்றாள் பவளக்கொடி. "சூசையைக் கட்டப்போறேன். அவுக கோயில்ல ஓலை வாசிச்சுக்கிட்டிருக்காவ."

தனுஷ்கோடி வேறு மதமா என்று கேட்கவில்லை, வேறு சாதியா என்று கேட்கவில்லை, மற்ற நாளாக இருந்தால் அதற்கு அரிவாளைத் தூக்கியிருப்பார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயையோ, அப்பம் தண்ணி அவன் ஊருக்குல்லா போயிரும்!" என்று அலறினார்.

ஊர் கூடியது. மேல்நிலைத் தொட்டியின் நிழலில் கூடினார்கள், திறப்பு விழா நடந்த நாளிலிருந்து அந்தத் தொட்டியால் எங்களுக்குக் கிடைத்தது நிழல் ஒன்றுதான். ஜோசியர் கைலாசம் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமலேயே தீர்ப்புச் சொன்னார். தோஷம் இருப்பதால் தண்ணீர் வருகிறது, கல்யாணம் நடந்தால் தோஷம் கழிந்துவிடும், தோஷம் கழிந்தால் தண்ணீர் நின்றுவிடும், ஆகையால் அவள் யாரையும் கட்டக்கூடாது, தலைவர் மகனையும் சேர்த்துத்தான். தனுஷ்கோடி பெருந்தன்மையாகத் தன் மகனை விட்டுக்கொடுத்தார். ஊருக்காகத் தலைவர் செய்த தியாகம் என்று கைதட்டினார்கள். தியாகம் செய்ய வேண்டியவளை யாரும் கேட்கவில்லை.

கேட்காமலே அவள் எழுந்து நின்றாள். நின்ற இடம் நனைந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள்.

"தோஷம் இருக்கு, அதனால கல்யாணம் கெடையாதுன்னு இத்தனை வருசம் சொன்னிய. இப்பம் கல்யாணம் ஆனா தோஷம் போயிரும், அதனால கல்யாணம் கெடையாதுங்கிய. நான் என்னைக்குத்தான் மனுசி?"

நல்ல கேள்வி. எங்கள் ஊரில் நல்ல கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, கையெடுத்துக் கும்பிடுவது. "தாயே!" என்று கும்பிட்டார்கள், கிழவிகள் காலில் விழுந்தார்கள், விழுந்த வேகத்தில் தண்ணீரையும் தலையில் தெளித்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து அவளைக் கண்மாய்க்குள் நிறுத்தினார்கள். நடுக் கண்மாயில் ஒரு குடையை நட்டு, அதன் அடியில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவள் நிற்க வேண்டும், தண்ணீர் ஏற ஏறக் கல்லை அடுக்கி அவளை உயர்த்தினார்கள். கடை பூட்டிக் கிடந்தது. பாதம் ஊறி வெளுத்துத் தோல் உரிந்தது, விரல் இடுக்கெல்லாம் உப்பு அறுத்தது, ராத்திரி அவள் விளக்கெண்ணெய் கேட்டு அனுப்பினால் கொடுப்பார்கள், மறுநாள் நிற்க வேண்டுமே என்று. பஸ்காரர்களிடம் அவளை ஏற்றக்கூடாது என்று சொல்லி வைத்தார்கள். போன் பேசினால் தண்ணீரில் கதிர்வீச்சு கலந்துவிடும் என்று போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவளைச் சிறை வைத்திருக்கிறோம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை, காலையும் மாலையும் கற்பூரம் காட்டினார்களே, சிறையில் யார் கற்பூரம் காட்டுவார்கள்?

சூசை வந்தான். டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தான், கரையிலேயே மறித்தார்கள், வேண்டுமானால் எல்லாரையும் போலத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போ என்றார்கள். அவன் கரையில் நின்று, கையை வாயருகே குவித்துக்கொண்டு, ஊரே கேட்கக் கத்தினான்.

"மூணாவது ஓலையும் வாசிச்சாச்சு! பந்தக்கால் நட்டாச்சு! நீ வருவல்லா?"

"நீ பந்தலைப் பிரிச்சிராத!" என்று அவள் குடைக்கு அடியிலிருந்து கத்தினாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் ஊர்ப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெய்வமாக இருப்பவளுக்கு இந்த வயதில் என்ன அரிப்பு என்று பேசிக்கொண்டு துணி துவைத்தார்கள். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை, அதையும் ஒருத்தியும் சொல்லவில்லை.

கண்மாய் நிறைந்தது, மடையைத் திறந்தார்கள், வயலுக்குப் பாய்ந்தது. அதை நம்பி நட்ட நெல் மூன்றாம் நாளே மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, பிறகு தீ வைத்த மாதிரி நின்ற இடத்திலேயே கருகியது. பருத்தி சுருண்டது. ஆடுகள் கண்மாய்க் கரை வரை வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின, எங்கள் ஊரில் ஆடுகளுக்குத் தலைவர் கிடையாது. ஒவ்வொருவனும் தன் வயலைப் பார்த்தான், அடுத்தவன் வயலைப் பார்த்தான், இரண்டும் ஒன்றாகக் கருகியிருப்பதைப் பார்த்து ஆறுதலடைந்தான். தண்ணீர் உப்பு என்று சொல்ல எல்லாருக்கும் ஆசை, ஆனால் இளநீர் என்று சொன்ன வாய் இடையில் நின்றது. ஊர் முழுவதும் அழுகிற முகத்தோடு சிரித்துக்கொண்டு அலைந்தது. நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பார்த்தேன், எனக்கு ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்காக மட்டும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன், சாமியார் குறித்த நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அப்போது பத்திரிகையில் இன்னொரு செய்தி வந்தது. செவ்வாய்க் கிரகத்தில் தெரிந்த கறுப்புக் கோடுகள் தண்ணீராக இல்லாமலும் இருக்கலாம், சரிவில் வறண்ட மணல் சரிவதால் உண்டான தடமாக இருக்கலாம், இதுவும் உறுதியில்லை.

தனுஷ்கோடி அந்தப் பத்திரிகையைக் கண்மாய்க்குள் முழங்காலளவு தண்ணீரில், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றபடி படித்தார். இரண்டாம் முறை உரக்கப் படித்தார். கரையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் குனிந்து முழங்காலைப் பார்த்தார், கையை உள்ளே விட்டு ஒரு கை அள்ளினார், விரலிடுக்கில் எல்லாம் வழிந்து ஓடியது, வெறுங்கையை எல்லாருக்கும் காட்டினார்.

"மணலுய்யா!" என்றார். "பாத்தியளா, எவ்வளவு நைசா இருக்கு, கையில நிக்க மாட்டேங்கு!"

ஒரு கணம்தான். அதற்குள் ஊர் முழுவதும் மூச்சை விட்டது, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு. மணல்! அதனால்தான் நெல் கருகியது, அதனால்தான் டீ நன்றாக இல்லை, அதனால்தான் சோப்பு நுரைக்கவில்லை. ஜோசியர் கைலாசம் பஞ்சாங்கத்தை இந்த முறை திறந்தே காட்டி, செவ்வாய் ஆதியிலிருந்தே வறண்ட கிரகம்தான், சாஸ்திரம் ஒருநாளும் தண்ணீர் என்று சொல்லவில்லை, ஜனங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவர்களைப் பார்த்திருக்கிறேன், மீசையை மண்ணிலிருந்து காப்பாற்ற உலகத்தையே மண்ணாக்கியவர்களை அன்றுதான் பார்த்தேன். ஈர வேட்டியை முறுக்கிப் பிழிந்துகொண்டே மணலை உதறுகிறேன் என்றார்கள். நீச்சலடித்துக்கொண்டிருந்த எருமையைப் பார்த்து, மணலில் எப்படிப் புரளுகிறது பார் என்றார்கள்.

மணல் என்று ஆனதும் தலைவரின் மச்சானுக்கு அதில் உரிமை வந்துவிட்டது, மணல் இருக்கும் இடத்தில் தலைவரின் மச்சான் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். டிப்பர் லாரிகள் வரிசையாக வந்து கண்மாய்க்குள் இறங்கின. பொக்லைன் தண்ணீரை வாரி வாரி லாரியில் கொட்டியது, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார்கள், வண்டி ரோட்டில் ஏறுவதற்குள் பாதி ஒழுகிவிடும், மீதி அடுத்த ஊருக்குள் ஒழுகிவிடும், காலி வண்டி திரும்பி வந்து மறுபடி வரிசையில் நிற்கும். போலீஸ்காரர் மறித்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, மணலுக்கு உரிய மரியாதையை வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தார்.

பவளக்கொடியைக் கல்லிலிருந்து இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்டார்கள் என்றால் கையைப் பிடித்து அல்ல. "மணலைக் காட்டித் தண்ணின்னு ஏமாத்தியிருக்கா பாரு" என்று அவளைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். தோஷக்காரியை ஊர் நடுவில் வைத்துக் கும்பிட்டதற்கு வயல் கருகியதோடு விட்டதே என்று கிழவிகள் நெட்டி முறித்தார்கள். தனுஷ்கோடி அவளிடம், "எங்கயும் போய்ச் சேரு, எவனையும் கட்டு, ஊரைக் கெடுக்காத" என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெட்டி கட்டப் போனாள். எனக்கு அது போதவில்லை, என் வாயில் நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன, அதில் சிலவற்றைச் சொல்லியும்விட்டேன்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். பெண் வீட்டார் என்று ஒரு ஆளாவது வேண்டுமே.

பஸ் நிறுத்தத்தில் அவளைச் சுற்றித் தண்ணீர் குளமாகத் தேங்கியது. டீக்கடையில் உட்கார்ந்து ஊர் வேடிக்கை பார்த்தது. பஸ் வந்து நின்றதும் வெளியூர் கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாத்து வாங்கம்மா, தண்ணி கெடக்கு, வழுக்கிரப் போவுது" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படிக்காத முட்டாள், மணலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று பஸ் நகர்ந்த பிறகும் அவர்கள் சொல்வது கேட்டது.

பஸ் தரை நனைந்து, முன் சீட்டுக்காரர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு திட்டினார், அவள் மன்னிப்புக் கேட்டாள். இறங்கும் இடம் நெருங்கிய பிறகுதான் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, அங்கயும் என்னைய நிக்கச் சொல்லிருவாகளோ?"

மனுஷர்களைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயத்துக்கு, சொல்லுவார்கள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். "வா பாப்போம்" என்றேன்.

இறங்கினால் கண்ணுக்கு எட்டியவரை உப்பளம். பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர் வெயிலில் கிடக்கிறது, வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூச வைக்கின்றன. உப்புத் தண்ணீரையே விதைத்து அறுக்கிற ஊர், இவள் காலடியில் ஊறுவது இவர்களுக்குப் பொன் அல்லவா, இங்கே எந்தப் பாத்தியில் நிறுத்தப் போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே பெட்டியோடு அவள் பின்னால் நடந்தேன்.

வீட்டு வாசல் பந்தலுக்குள் இருந்து சூசை ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா மரியபுஷ்பம் வந்தாள், உப்பு சுமந்து கறுத்த, எலும்பும் நரம்புமான பொம்பளை. பவளக்கொடி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள், பழக்கம், நின்றால் அசையக் கூடாது என்ற பழக்கம். தண்ணீர் ஊறியது, மண் கறுத்தது, ஊறி மாமியாரின் காலைத் தொட்டது. மரியபுஷ்பம் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புத் தண்ணி" என்றாள், கடலைப் பார்த்துக் கடல் என்று சொல்கிற மாதிரி.

பிறகு அந்த வெளுத்து உரிந்த பாதங்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா ஏட்டி இம்புட்டுத் தூரம் வந்த?" என்று அதட்டினாள். "சூசை, ஸ்டூலை எடுத்துப் போடுல. உக்காரு தாயி. நின்னது போதும்."

பவளக்கொடி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் அதற்குமுன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரியபுஷ்பம் துடைத்தாள், துடைக்கத் துடைக்க ஊறியது, அவள் துண்டைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தாள்.